கடலுக்கு ஒரு பவர் கண்ணாடி

காசிமேடு,
ஞாயிற்றுக்கிழமை, ஏலம் முடிந்து கைகழுவிய நேரம்.

பாதி வாழ்க்கையைக் கடல்மேலும் மீதியை நெட்டுக்குப்பத்திலும் கழித்துவரும், மரியாதைக்குரிய என் அண்ணன் தேசப்பன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கை நீலா தன் கைப்பட எழுதிக்கொள்வது.

இங்கே நானும் வீட்டுக்காரரும் சுகம். அங்கே தாங்களும் அண்ணியும் சுகமாக இருக்க எல்லையம்மனை வேண்டிக்கொள்கிறேன். தாங்கள் சுகமாகத்தான் இருக்கிறீர்கள் என்பதற்கு அத்தாட்சியும் கிடைத்துவிட்டது. ஐஸ் வண்டிக்காரரைத் தாங்கள் திட்டிய சத்தம் எண்ணூர் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்டதாக நம் கூடைக்காரப் பெண்கள் வந்து சொன்னார்கள். 'தாங்கள், தாங்கள்' என்று எழுதிக்கொண்டு போனால் வார்டு ஆபீசுக்கு மனு எழுதுவதுபோல் இருப்பதால் இனி நீ என்றே எழுதுகிறேன். மரியாதை குறைந்துவிட்டதாக நினைக்காதே. குறைந்திருந்தாலும் அதற்குக் காரணம் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அண்ணா, நான் பார்த்துவிட்டேன். கடலுக்கு உள்ளே, உயிரோடு, தன்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்த மீனை, அதன் வீட்டுக்கே போய், என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டேன்.

போர்ட் பிளேரில் நர்ஸ் வேலையில் இருக்கும் நம் ரேகா, "அம்மா, லீவு போட்டுட்டு அப்பாவோட வா, ஸ்நார்க்லிங் போலாம்" என்று கூப்பிட்டதையும், ஸ்நார்க்லிங் என்றால் வாயில் ஒரு குழாயும் முகத்தில் ஒரு மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு தண்ணீரில் குப்புறப் படுத்து அடியில் இருப்பதை வேடிக்கை பார்ப்பது என்று நான் உனக்கு போனில் விளக்கியதையும், அதற்கு நீ சொன்ன பதிலையும் நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. "சோடாபுட்டிய கய்ட்டி வச்சா உனுக்கு கட்டுன புருசனே தெரியமாட்டான். நீ கடலுக்குள்ள பூந்து இன்னாத்த பாக்கப்போற? அல்லாம் கலங்கலாத்தான் தெரியப்போவுது. அத்த இங்கியே நம்ம முகத்துவாரத்துல பவர் ஹவுஸ் சாம்பத் தண்ணில தலைய வுட்டுப் பாத்துக்க, கப்பல் டிக்கெட் மிச்சம்" என்றாய். சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். பின்னால் இன்னும் யாரோ சிரித்தார்கள். அன்றைக்கு நான் போனை வைத்துவிட்டேன். இந்தக் கடிதம் முழுக்க அதற்குப் பதில்தான்.

எனக்கு இருக்கும் ஆசை உனக்குப் புரியாது. கல்யாணமான நாளிலிருந்து ஏலம் போடுகிறேன். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தால் போதும், எந்தப் படகு எத்தனை நாள் ஐஸில் வைத்துக் கொண்டுவந்தது என்று சொல்லிவிடுவேன். ஆனால் என் கைக்கு வந்த அத்தனையும் செத்தது. உயிரோடு இருந்தபோது அது எப்படித் திரும்பும், எப்படி முறைக்கும், எதைக் கண்டு ஓடும் என்று ஒன்றும் தெரியாது. நம் வீட்டுப் பெண்களைப் படகில் ஏற விட்டதில்லை. ஏறிய ஆம்பிளைகளைக் கேட்டாலோ, "இன்னா தெரியும், தண்ணிதான் தெரியும்" என்பீர்கள். நீயும்கூட வலைக்குள் துள்ளுவதைத்தான் பார்த்திருக்கிறாய். அது வேறு, இது வேறு.

ஆசைப்பட்டால் போதுமா? மாஸ்க்கில்தான் எல்லா வம்பும். கொரோனாவுக்குப் போட்ட மாஸ்க் என்று நினைத்துவிடாதே. இது கண்ணையும் மூக்கையும் மூடிக்கொண்டு முகத்தோடு ஒட்டும் கண்ணாடிப் பெட்டி. என் வீட்டுக்காரர், அதுதான் உன் மைத்துனர் ஜெகதீசன், கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்குத் தெரியாத பொருளே கிடையாது என்பது உனக்குத்தான் தெரியுமே, "இன்னாமே இதுக்குப் போயி பேஜாரு, நா பாத்துக்கறேன்" என்று செல்போனில் தடவித் தடவி ஒன்றை வரவழைத்தார். நெற்றியிலிருந்து தாடைவரை முழு முகத்தையும் மூடுவது. அதற்குள் என் கண்ணாடியோடு முகத்தை நுழைத்துக்கொண்டபோது ஹெல்மெட்டை விழுங்கியவள்போல் இருந்தேன். மொட்டைமாடியில் நீல டிரம்மில் தண்ணீர் பிடித்து, "தலைய வுடு, நா பின்னால புட்ச்சிகினு நிக்கறேன்" என்றார். விட்டேன். கண்ணாடியின் காது இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த வழியாக, லாரித் தண்ணீர் குடத்தில் விழுவதுபோல் உள்ளே கொட்டியது. நான் கையைக் காலை உதறுகிறேன், இவர் நான் ஏதோ பார்த்துவிட்டேன் என்று நினைத்து இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார். எதிர்மாடியில் துணி காயப்போட்ட பொம்பளை, புருஷன் பெண்டாட்டியை டிரம்மில் முக்குகிறான் என்று கத்த, கீழ்வீடு மேல்வீடு எல்லாம் ஏறி வந்து, அவர் சட்டையைப் பிடித்து இரண்டு பேர் கேள்வி கேட்டு, நான் இருமி முடித்து மூச்சு வாங்கி "டெஸ்ட் பண்ணிகினு இருந்தோம்" என்று சொல்வதற்குள் அவர் மானம் போய்விட்டது.

அதோடு விட்டாரா? இல்லை. என் பழைய கண்ணாடியின் வில்லைகளைக் கழற்றி, சாதா மாஸ்க் ஒன்றின் உள்பக்கம், பைப் ஒழுகினால் வைப்போமே அந்தப் பசையை வைத்து ஒட்டினார். ஒட்டிய வில்லை ஒன்று கிழக்கே பார்த்தது, இன்னொன்று மேற்கே பார்த்தது. போட்டுக்கொண்டு நின்றால் எங்கள் வாசலில் இரண்டு ஆட்டோ. உண்மையில் நின்றது ஒன்றுதான். நான் இல்லாத ஆட்டோவில் ஏறப்போன பிறகுதான் அவரே "வேணா நீலா, கண்ணு கடைக்கே போயிடலாம்" என்றார்.

ராயபுரத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஷெர்லின் என்ற பெண்ணிடம் போனோம். படித்த பெண், பொறுமையான பெண். அதுவே லீவு நாட்களில் கடலில் முங்கிப் பார்க்கிற ஜாதி என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. "கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கலாமா?" என்று கேட்டேன். என் கையைப் பார்த்தது. அன்று காலை காரப்பொடி மீன் அள்ளிய கை. "இந்தக் கையால கண்ணுக்குள்ள லென்ஸ் வைக்கப்போறீங்களாக்கா? கடல் தண்ணி பட்டா இன்ஃபெக்‌ஷன் வேற வரும். உங்களுக்கு பவர் மாஸ்க்தான் சரி" என்றது. அப்போதுதான் அண்ணா, அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி வில்லை வைத்த மாஸ்க். சாதா வில்லையைக் கழற்றிவிட்டு நம் பவருக்கு ஏற்ற வில்லையை அதே இடத்தில் மாட்டிவிடலாம். பசையும் வேண்டாம், ஜெகதீசனும் வேண்டாம்.

கண்ணைச் சோதித்துவிட்டு, "வலது கண்ணு மைனஸ் ஏழு, இடது மைனஸ் அஞ்சு, அதுல கொஞ்சம் சிலிண்டர் இருக்கு" என்றது. உடனே உன் மைத்துனர் எழுந்து, "சிலிண்டரா? அத்த வச்சிகினு கப்பல்ல ஏத்துவாங்களாம்மா?" என்று கேட்டார். சிரிக்காமல் பதில் சொன்னது பார், அதற்கே அந்தப் பெண்ணுக்குக் கோயில் கட்டலாம். கேஸ் சிலிண்டர் இல்லையாம், கண்ணில் ஒரு வகைக் கோணலுக்குப் பேராம். மாஸ்க்குக்கு என்று தயாராக வருகிற வில்லையில் அந்தக் கோணலுக்கு வழி இல்லை, அதனால் அதில் பாதியை எடுத்து மீதிப் பவரோடு சேர்த்து ஐந்தரையாக வைத்துவிட்டால் தண்ணீருக்குள் குறை தெரியாது என்றது. அப்படியே வைக்கச் சொன்னேன்.

"பவர் அப்புறம்கா. முதல்ல முகத்துக்குப் பொருந்தணும். பொருந்தலேன்னா எவ்ளோ நல்ல பவரா இருந்தாலும் உள்ள தண்ணிதான்" என்று விதவிதமாக எடுத்துப் போட்டது. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். கையை எடுத்தாலும் அது கீழே விழாமல் முகத்தோடு நிற்க வேண்டும். முதலாவது கன்னத்தில் காற்று விட்டது. அடுத்தது மூக்குத்தண்டை அழுத்தி எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இன்னொன்று அழகாக இருந்தது, ரோஸ் கலர், ஆனால் அது யாரோ சின்ன முகக்காரிக்குச் செய்தது. எனக்கு நம் அப்பாவின் முகம், பலகை மாதிரி. கடைசியில் கறுப்பாக, ஒரு அழகும் இல்லாத ஒன்று. வைத்தேன். இழுத்தேன். கையை எடுத்தேன். நின்றது, அண்ணா! குனிந்தேன், நின்றது. தலையை ஆட்டினேன், நின்றது. அந்தச் சந்தோஷத்தில் அப்படியே கடை வாசல்வரை நடந்துபோய்த் தெருவைப் பார்த்தேன். உன்னுடைய தோஸ்து பக்தவச்சலம் அப்போதுதான் சைக்கிளில் போனார். என்னைப் பார்த்து எதிரே இருந்த இளநீர் வண்டியில் மோதியவர், எழுந்த உடனே உனக்குத்தான் போன் போட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

உன் மைத்துனரும் ஒன்றை வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. எதை வைத்தாலும் ஒட்டவில்லை. "சார், உங்க மீசை வழியா காத்து போகுது. மேல் ஓரத்தைக் கொஞ்சம் எடுத்துட்டா உட்காந்துடும்" என்றது ஷெர்லின். அவர் மீசையைக் கையால் பொத்திக்கொண்டார். "எட்த்துட்டு நா யார்டுக்கு எப்டிம்மா போவேன்? எவன் எனுக்கு வய்யி வுடுவான்?" என்றார். வாசலின் தடவினால் ஓரளவுக்குத் தாங்கும் என்று அது சொன்னதும் டப்பாவாக வாங்கிவிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் உனக்கு ஆறாத கோபம். கப்பல் ஏறுவதற்கு முந்தைய வாரம், ஒரு விடியற்காலையில் அவர் என் கண்ணாடி மேலேயே உட்கார்ந்தார். இரண்டாக உடைந்தது. ஏலத்துக்கு நேரமாகிவிட்டது. படகு கரைக்கு வந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் போனால் எனக்கு மீனும் தெரியாது, கை தூக்குகிற ஆளும் தெரியாது. நான் என்ன செய்வேன்? மாஸ்க்கை மாட்டிக்கொண்டு போனேன். மூக்கு உள்ளே அடைபட்டிருப்பதால் குரல் சளி பிடித்த எருமை மாதிரி வந்தது. முதலில் மொத்தத் துறைமுகமும் சிரித்தது. வேன்காரர்கள் வேனை விட்டு இறங்கி வந்து சிரித்தார்கள். நான் விடவில்லை. சிரிக்க வந்த கூட்டம் எல்லாம் என் கூடையைச் சுற்றித்தானே நிற்கிறது, பக்கத்துக் கூடைக்கு ஆளே இல்லை! ஒருவர் கேட்ட விலைக்கு மேல் இன்னொருவர் கேட்க, அன்றைக்கு என் சங்கரா போன விலைக்கு அந்த வாரம் முழுக்க யாருடையதும் போகவில்லை. படகுக்காரர், "நாளைக்கும் இத்தயே மாட்டிகினு வாக்கா" என்று கும்பிட்டார். நீ போன் பண்ணி, "மானம் போவுது, ஊரே சிரிக்குது, இனி என் வூட்டு வாசப்படி மிதிக்காத" என்றாய். கப்பலுக்கு வழியனுப்பவும் வரவில்லை. நான் புதுக் கண்ணாடியோடு மேல்தளத்தில் நின்று துறைமுகம் மறைகிற வரைக்கும் பார்த்தேன்.

சரி, அதை விடு. தீவுக்கு வருவோம். அங்கே தண்ணீர் எப்படி இருந்தது என்று எழுத எனக்குப் படிப்பு போதாது. கழுத்தளவு தண்ணீரில் நின்றால் கால்விரலில் மெட்டி தெரிகிறது. எங்களைக் கூட்டிப்போன இசக்கிப்பாண்டி, தாத்தா காலத்தில் தூத்துக்குடிப் பக்கமிருந்து அங்கே போன குடும்பம், "மாஸ்க்குக்கு உள்ள துப்பித் தேய்ங்க, அப்பத்தான் பனி படியாது" என்றார். துப்புவதற்கு யாராவது நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? நன்றாகத் துப்பி, கழுவி, மாட்டினேன். மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்தேன்.

முதலில் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கண்ணைத் திறந்தேன்.

அண்ணா, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கல்லில் இருக்கிற புள்ளி தெரிந்தது. மணலில் என் நிழல் தெரிந்தது. கிளிமீன் ஒன்று பச்சையும் ரோஸுமாக வந்து பாறையைக் கடித்தது. கடிக்கிற சத்தம்கூடக் கேட்டது, பொட்டுக்கடலை மெல்வதுபோல. ஓரா மீன் கூட்டமாகப் போயிற்று. பொந்துக்குள் ஒரு களவா, வாடகை கேட்க வந்தவரைப் பார்ப்பதுபோல் என்னையே பார்த்தது. எனக்குத் தாங்கவில்லை. பேர் தெரிந்த மீன் எதிரே வந்தால் நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பேன்? "களவாஆஆ!" என்று குழாய்க்குள்ளேயே கூவினேன். வெளியே அது ஏதோ கப்பல் சங்கு மாதிரிக் கேட்டிருக்கிறது. இசக்கிப்பாண்டி பாய்ந்து வந்து என்னைத் தூக்கி நிறுத்தி, "என்னக்கா, மூச்சு முட்டுதா? ஏன் இப்படிக் கத்துதிய?" என்று பதறினார். "களவா கீதுப்பா! மூணு கிலோ தேறும்!" என்றேன். "ரெண்டுகூட இருக்காதுக்கா. தண்ணிக்குள்ள எல்லாம் பெருசாத்தான் தெரியும்" என்றார். நான் எடை சொல்லி ஒருவர் குறைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்றைக்கு எனக்கு அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திரும்பப் படுத்தபோதுதான் அது வந்தது. கணவா. நம் ஏலக்கூடத்தில் வெள்ளை வெளேரென்று குவியலாகக் கிடக்குமே, மையைக் கக்கிக்கொண்டு, அதே கணவா. நான் அதை எத்தனை கூடை விற்றிருப்பேன்! அது வெள்ளையே இல்லை, அண்ணா. மணல்மேல் இருக்கும்போது மணல் நிறம். பாசிப்பக்கம் நகர்ந்ததும் பாசி. என்னைப் பார்த்ததும் உடம்பு முழுக்கப் பழுப்பு வரிகள் ஓடின, பட்டுப்புடவையை வெயிலில் திருப்பிப் பார்க்கும்போது ஓடுமே அந்த மாதிரி. பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து, என் முகத்துக்கு நேரே நின்று, கண்ணோடு கண் பார்த்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் கூவவில்லை. அது போன பிறகுதான் மாஸ்க்குக்குள் தண்ணீர் இருப்பது தெரிந்தது. மாஸ்க் ஒழுகவில்லை.

உன் மைத்துனர் கதை வேறு. வாசலின் ஒரு டப்பாவும் கரைந்து போயிற்று, மீசை வழியாகப் பாதி அந்தமானைக் குடித்துவிட்டு, கழுத்தளவில் என் மிதவையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒவ்வொரு தடவை தலையைத் தூக்கும்போதும், "இப்ப இன்னா தெரியுது? சொல்லுமே" என்பார். நான் சொல்வேன். அவர் அது நேராக எதிரே இருப்பதுபோல் தலையாட்டிக்கொண்டு கேட்பார். கடைசியில், "அத்தக் குடு, ஒருவாட்டி நா பாக்கறேன்" என்று என் மாஸ்க்கை வாங்கிக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்தார். உடனே நிமிர்ந்தார். "இன்னா நீலா, ஒன்னுமே தெரியல, அல்லாம் கலங்கலா கீதே!" என்றார். பார்வை நன்றாக இருக்கிறவருக்கு என் பவர் அப்படித்தானே தெரியும். "கண்ணாடி இல்லாம எனுக்கு அல்லாமே அப்டித்தான்யா தெரியும்" என்றேன். அவர் மாஸ்க்கைத் தானே துப்பித் துடைத்து என் முகத்தில் மாட்டிவிட்டு, வார் முடியில் சிக்காமல் சரிபண்ணி, "போ, நீ பாத்து சொல்லு" என்றார்.

ஆகவே அண்ணா, சோடாபுட்டி ஜெயித்துவிட்டாள். கடலோடு பழகிய நீ பார்க்காததை, கரையில் நிறுத்தப்பட்ட நான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இதை ஊரில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. பக்தவச்சலத்திடம் விசேஷமாகச் சொன்னேன். ஜெயித்தவள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதால் நானே ஒரு முடிவும் எடுத்திருக்கிறேன். என் ஆசை தீர்ந்தது. இனி உன் மானத்துக்கு என்னால் பங்கம் வராது. மாஸ்க்கை மஞ்சள் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி கடலில் கால் நனைக்க மாட்டேன் என்று எல்லையம்மன்மேல் சத்தியம் செய்கிறேன். உன் வீட்டுப் பெண்கள் கரையில்தான் இருப்பார்கள், நீ நிம்மதியாக இரு.

உனக்கு முழங்கால் வலி குறையவும், படகுக்கு நல்ல மீன்பாடு கிடைக்கவும், ஐஸ் வண்டிக்காரருக்கு உன் குரலிலிருந்து விடுதலை கிடைக்கவும் வேண்டிக்கொள்கிறேன். அண்ணிக்கு என் வணக்கம். ரேகா மாமாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் வாசற்படியை மிதிக்கக் காத்திருக்கும்,
தங்கை நீலா.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போன நேரத்தில் வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அண்ணி. உன்னிடம் ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டு வந்தாராம். செருப்பைக்கூடக் கழற்றாமல், "அந்த மாஸ்க்கு எங்கடி? எட்த்தா பாக்கலாம்" என்றார். பீரோ திறந்தாயிற்று. போட்டுப் பார்த்துவிட்டு, "இது எனுக்கு கலங்கலா கீது, எனுக்கும் ஒன்னு வாங்கணும்" என்றார். ஷெர்லின் கடையில் கண்ணைச் சோதித்துவிட்டோம். அண்ணிக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் இரண்டு. இத்தனை வருஷமாகக் கண்ணாடியே இல்லாமல் உன்னோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார். அதனால் மேலே சத்தியம் என்று எழுதியிருக்கும் இடத்தைப் பேனாவால் அடித்துவிடு. அம்மனிடம் நான் பேசிக்கொள்கிறேன். அடுத்த கப்பலுக்கு நாங்கள் இரண்டு பேரும் பேர் கொடுத்துவிட்டோம். கடிதத்தைத் தபாலில் போடாமல் கூடைக்காரப் பெண்களிடம் இப்போதே கொடுத்தனுப்புகிறேன். இன்றைக்கு மதியம் சோற்றுக்கு அண்ணியைத் தேடாதே, குழம்பு அடுப்பிலேயே இருக்கிறதாம். மாஸ்க் வர நாளாகும். ஆனால் சாதாக் கண்ணாடி சாயங்காலமே தயாராகிவிடும், அதைப் போட்டுக்கொண்டுதான் அண்ணி வீட்டுக்கு வருவார். உன்னை முதல் தடவையாகத் தெளிவாகப் பார்க்கப்போகிறார். முகத்தைக் கொஞ்சம் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டு வாசலில் நில்.